புதிய காரில் பழுதா?

வளைகுடா வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்று ஈட்டிய பொருளில் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் செய்யும் பெருஞ்செலவு முன்பெல்லாம் வீடும் திருமணமும்தாம். இன்று காரும் சேர்ந்துகொண்டது. அந்தப் புதிய கார் மூன்றாம் மாதமே முனகத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்?

என் அனுபவத்தையே கூறுகிறேன். சவூதியிலிருக்கும் என் சகோதரியின் கணவர் அனுப்பிய பணத்தில் ஒரு சிறிய கார் வாங்கினோம். அதைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. சில வாரங்களிலேயே திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் கடகடவென ஓசை. ஒருநாள் வில்லுக்குறி அருகே அது ஒரு கணம் இறுகியே நின்றுவிட்டது. பின்னிருக்கையில் சகோதரியும் குழந்தைகளும்! விற்றவரிடம் ஓடினேன். "ஒண்ணுமில்ல சார், ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள். மூன்று முறை சென்றேன். மூன்று முறையும் காரை நன்றாகக் கழுவித் தந்தார்கள்.

தவறு என்னுடையதும்தான். குறையை வாயால் சொன்னேனே தவிர, எழுத வைக்கவில்லை. ஜாப் கார்டில் மூன்று முறையும் 'பொது சர்வீஸ்' என்றே இருந்தது. நான்காம் முறை, "ஸ்டியரிங் இறுகுகிறது" என்னும் சொற்களை, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் சேர்த்து எழுதிய பிறகே கையொப்பமிட்டேன்; நகலும் பெற்றேன். பணிமனைப் பொறியாளரை அருகில் அமர்த்தி அதே சாலையில் ஓட்டிக் காட்டினேன். பின்னர் கார் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு நகல்களுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். இரு வாரங்களில் நிறுவனத்தின் பொறியாளரே வந்து பார்த்தார். ஸ்டியரிங் பாகம் செலவின்றி மாற்றப்பட்டது.

விற்பனையாளர் ஏன் தயங்குகிறார்? வாரண்டி என்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி. விற்பனையாளர் வேலையைச் செய்துவிட்டு, அந்தச் செலவைத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். அங்கே மறுத்துவிட்டால் நட்டம் இவருடையது. எழுத்தில் உள்ள புகார் உங்களுக்கு உதவுவது போலவே அவருக்கும் உதவுகிறது. ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வெளியே ஒயரை வெட்டி அதிக ஒளி விளக்கும் ஹாரனும் பொருத்திவிட்டு மின்பழுதுக்கு வாரண்டி கேட்டால், மறுக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

பிக்ஹு நூல்களின் வியாபாரப் பாடத்தில் 'கியாருல் ஐப்', அதாவது குறை கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை, ஓதிக்கொடுக்கிறோம். குறையை அறிந்தபின் வீணே தாமதித்தாலோ பொருளைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தாலோ அவ்வுரிமை போய்விடும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. அதை ஓதிக்கொடுக்கும் நானே மூன்று மாதம் தாமதித்தேன்!

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன? பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் தொடர்பான வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள காரைப் புதியதென விற்றதோடு பொறுப்பையும் மறுத்து வழக்காடியதைக் கடுமையாகச் சாடியது. ஆயினும் ஒரு பாகம் கெட்டதற்காகப் புதிய காரே கேட்டு நிற்காதீர்கள். 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் கிளட்ச் குறைக்காகக் காரையே மாற்றித்தரும்படி இட்ட உத்தரவை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டியின் எல்லை என்றது.

நிறுவனமும் அசையவில்லை என்றால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையில் வாங்கிய காருக்குப் பெரும்பாலும் சென்னைக்கே அலைய வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, நாம் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிட வழி செய்துள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில், வாரண்டி புத்தகம், ஜாப் கார்டுகள், தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.