முதலாளி திரும்பி வராத தொழிற்சாலை

2001 டிசெம்பர் 18ஆம் திகதி. ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸில், ஆண்களுக்கான கோட் சூட் தைக்கும் புரூக்மன் தொழிற்சாலை. வேலையாட்களில் பெரும்பாலானோர் பெண்கள். சம்பளம் குறைந்து குறைந்து, கடைசியில் பஸ் காசுக்கே போதாமல் போயிருந்தது. பயணச் செலவுக்காவது ஏதும் தரும்படி கேட்டார்கள். காசு கொண்டுவரப் போன முதலாளிகள் திரும்பி வரவில்லை. பெண்கள் அன்றிரவு உள்ளேயே தங்கினார்கள். தொழிற்சாலையைக் கைப்பற்றும் எண்ணம் அப்போது அவர்களுக்கு இருக்கவில்லை. சம்பளத்துக்காகவே காத்திருந்தார்கள்.

நாடு அப்போது சரிந்துகொண்டிருந்தது. 1991 முதல் ஒரு பெசோ ஒரு டொலருக்குச் சமம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். இதனால் இறக்குமதிப் பொருட்கள் மலிந்தன, உள்நாட்டு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டிசெம்பர் தொடக்கத்தில், மக்கள் வங்கியில் போட்ட சொந்தப் பணத்தை எடுப்பதற்கே அரசு கட்டுப்பாடு விதித்தது. 20ஆம் திகதி ஜனாதிபதி பெர்னாண்டோ டி லா ரூவா பதவி விலகி, ஹெலிகொப்டரில் மாளிகையை விட்டு வெளியேறினார்.

புரூக்மன் பெண்கள் தையல் மெஷின்களை மீண்டும் ஓட்டினார்கள். கையிருப்பை விற்று மின்கட்டணம் கட்டினார்கள். 2003 ஏப்ரலில் பொலிசார் அவர்களை வெளியேற்றினார்கள். பல மாதங்கள் வீதியில் கூடாரம் அடித்துப் போராடினார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் நகரச் சட்டசபை தொழிற்சாலையை அரசுடைமையாக்கி, அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைக்கச் சட்டம் இயற்றியது. அந்தச் சங்கத்தின் பெயர் 'டிசெம்பர் 18'.

தெற்கே நியூக்கென் மாகாணத்தில், சனோன் என்ற ஓட்டுத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 2002 மார்ச்சில் தாங்களாகவே உற்பத்தியைத் தொடங்கினார்கள். முடிவுகளைப் பொதுக்கூட்டத்தில் எடுத்தார்கள், சம்பளத்தைச் சமமாகப் பிரித்தார்கள். பொலிசார் வந்தபோது ஊர் மக்களே வாசலில் திரண்டு நின்றார்கள். 2009 ஓகஸ்டில்தான் மாகாணச் சட்டசபை அவர்களுக்குச் சாதகமாகச் சட்டம் இயற்றியது.

அடுத்தவன் சொத்தைப் பறிப்பதுதானே இது என்று சிலர் கேட்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். கொடுபடாத சம்பளமும் ஒரு கடன்தான். வங்கி தன் கடனுக்குக் கட்டடத்தைக் கேட்கலாம் என்றால், தொழிலாளி தன் கடனுக்கு மெஷினைக் கேட்பதில் என்ன பிழை? 2011இல் திருத்தப்பட்ட வங்குரோத்துச் சட்டம் இந்த நியாயத்தை ஏற்றது. தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, தமக்கு வரவேண்டிய பணத்தை விலையாகக் காட்டித் தொழிற்சாலையை வாங்க அது வழிசெய்தது.

கைப்பற்றியதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மெஷின்கள் பழையவை, வங்கிக் கடன் கிடைப்பது அரிது, மூலப்பொருளுக்கு முற்பணம் வேண்டும். வியாபாரம் படுத்தால், எல்லோருடைய சம்பளமும் சேர்ந்தே குறையும். இருந்தும் பின்னாளில் எடுத்த கணக்கெடுப்புகளில் இப்படியான நிறுவனங்கள் 300ஐத் தாண்டின.

வேலை போன வீட்டில் முதலில் உடைவது தன்மானம். நிவாரண வரிசையில் நிற்பதா, தெரிந்த தொழிலைச் செய்து பிழைப்பதா என்ற கேள்வி வந்தபோது, அந்தப் பெண்கள் மெஷின் முன்னால் போய் இருந்தார்கள்.