அண்ணாந்து பாருங்கள்!

உங்கள் தெருவில் ஸ்விட்சர்லாந்துக்கு குரூப் டூர் போய்விட்டு வந்தவர் யாராவது இருந்தால், அவருடைய செல்போனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் (கேட்காமலே காட்டுவார்!). பனிமலை, கழுத்தில் மணி கட்டிய பசுமாடு, சாக்லேட் கடை... இவற்றுக்கு நடுவே கட்டாயம் ஒரு மரப்பாலம் இருக்கும். ஓட்டுக் கூரை, பக்கவாட்டில் பூச்செடிகள், ஆற்றின் நடுவே எட்டுப் பட்டைக் கல்கோபுரம், முன்னால் மங்கி குல்லாயுடன் மாமா.

லூசர்ன் நகரத்தின் கப்பெல் பாலம் அது. அங்கே நம்மவர்கள் நடத்தும் கூத்தை நின்று பார்க்கலாம்.

''என்னங்க, கோபுரம் முழுசா வரணும். இன்னும் கொஞ்சம் பின்னால போங்க!''

''இதுக்கு மேல போனா ஆத்துலதான்டி விழணும்!''

க்ளிக். அவ்வளவுதான், பஸ்ஸுக்கு ஓட்டம். பாலத்துக்குள் நடப்பவர்களில்கூட பாதிப் பேர் நேரே பார்த்தபடி போய்விடுகிறார்கள். விஷயமே தலைக்கு மேலே இருக்கிறது, சார்!

ஏரியிலிருந்து ராய்ஸ் ஆறு புறப்படும் இடத்தில், 14-ம் நூற்றாண்டில் கட்டிய பாலம் இது. அக்கரைக்குப் போக வசதி என்பது அப்புறம். முதலில் இது கோட்டைச் சுவரின் ஒரு பகுதி. ஏரி வழியாகப் படகில் வரும் எதிரியைத் தடுக்கத்தான் ஆற்றின் குறுக்கே கோணல்மாணலாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கோபுரத்துக்கு 'தண்ணீர்க் கோபுரம்' என்று பெயர். நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் நிற்கிற கோபுரம், அதுதான் அர்த்தம். பாலத்தைவிட வயதில் மூத்தது. 34 மீட்டருக்கு மேல் உயரம். நகரத்தின் கஜானா, ஆவணக் காப்பகம், சிறை, சித்திரவதைக் கூடம் எல்லாமே இதற்குள் இருந்திருக்கின்றன. பணமும் கைதியும் ஒரே கட்டடத்தில்... காவலுக்குச் சிக்கனம்!

இனி, தலைக்கு மேலே. கூரை மரங்கள் கூடும் இடத்தில் வரிசையாக முக்கோணப் பலகைகள். 17-ம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மான் என்ற ஓவியரையும் அவருடன் இருந்தவர்களையும் கொண்டு ஊர்க் கதையையும் நாட்டுக் கதையையும், லியோதிகார், மொரீஷியஸ் என்ற இரு காவல் புனிதர்களின் வரலாற்றையும் வரைய வைத்தார்கள். மொத்தம் 158 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் செய்யுள். தினம் சந்தைக்குப் போகிறவன் மேலே பார்த்துக்கொண்டே நடந்தால் சரித்திரமும் பக்தியும் ஓசியில் கிடைக்கும்.

வரிசையில் ஒரு ராட்சசனும் உண்டு! 1577-ல் ரைடன் என்ற ஊரில் புயலில் ஓக் மரம் ஒன்று சாய, அடியில் பிரம்மாண்டமான எலும்புகள். பேசல் நகரத்துப் பெரிய டாக்டர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, ''இது ராட்சசனேதான்'' என்று சொல்லிவிட்டார். லூசர்ன்காரர்களுக்கு ஒரே பெருமை. பிற்பாடுதான் அது மம்மூத் என்ற பழங்கால யானையின் எலும்பு என்று தெரிந்தது. அதற்குள் ராட்சசன் பாலத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பல நூறு வருஷம் தாங்கிய இத்தனையும் ஒரே ராத்திரியில் கருகியது. 1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவு கடந்த நேரம். பாலம் கொழுந்துவிட்டு எரிந்தது. யாரோ வீசிய சிகரெட் துண்டாக இருக்கலாம் என்றார்கள். உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. கோபுரம் தப்பியது, இரண்டு பக்க முனைகளும் தப்பின. நடுப்பகுதி போயிற்று. அத்துடன் ஓவியங்களில் மூன்றில் இரண்டு பங்கும்.

ஸ்விஸ்காரர்கள் உட்கார்ந்து அழவில்லை. சுமார் 34 லட்சம் ஃபிராங்க் செலவில், எட்டே மாதத்தில், 1994 ஏப்ரல் 14-ல் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஆனால், மரத்தைத்தான் மறுபடி அறுத்துக்கொண்டு வரமுடியும். 17-ம் நூற்றாண்டை எந்தக் காட்டில் போய் வெட்டுவது?

''எரிந்த படங்களுக்குப் பிரதி எடுத்து மாட்டிவிட வேண்டியதுதானே?'' என்று கேட்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் தோன்றியது. தன் செலவிலேயே பிரதிகளை வரைய வைத்துவிட்டு, ''மாட்டுங்கள்'' என்றார். ஊரே இரண்டு பட்டது. ''காலியாகக் கிடப்பது அசிங்கமாக இல்லையா?'' என்று ஒரு கட்சி. ''போலியை மாட்டி, எதுவுமே எரியாத மாதிரி பாவனை செய்வது அதைவிட அசிங்கம்'' என்று இன்னொரு கட்சி. நகர நிர்வாகம் பிரதிகளை ஏற்கவில்லை.

என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. முனையில் கறுத்துப்போன பழைய மரம், அடுத்து ஓவியங்கள்... கொஞ்ச தூரம் நடந்ததும் மரம் இளசாகிவிடுகிறது. மேலே வெறும் முக்கோணம். இன்னொரு வெறும் முக்கோணம். எத்தனை போயிற்று என்று எந்தப் புத்தகமும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது. பிரதியை மாட்டியிருந்தால் நானும் ''ஆஹா, அற்புதம்'' என்று ஏமாந்து நகர்ந்திருப்பேன்.

எரியாத பாலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? ஆற்றோடு கொஞ்சம் கீழே நடங்கள். ஷ்ப்ராயர் பாலம். 'ஷ்ப்ராய்' என்றால் உமி. மாவு மில்லின் உமியை ஆற்றில் கொட்ட இந்தப் பாலத்தில் மட்டும்தான் அனுமதி. ஊரின் கடைசிப் பாலம், குப்பை ஊருக்குள் திரும்பாது அல்லவா? 1408-ல் முடித்தது, 1566 வெள்ளத்தில் போய் மறுபடி கட்டியது. இங்கும் முக்கோணப் படங்கள். காஸ்பார் மெக்லிங்கர் வரைந்த 67-ல் 45 மிச்சம்.

எல்லாவற்றிலும் எலும்புக்கூடுதான் ஹீரோ. பிஷப்பின் கையைப் பிடித்து இழுக்கிறது, வியாபாரியைக் கூப்பிடுகிறது, கல்யாணப் பெண்ணையும் விடவில்லை. கடைசிப் படத்தைத் தாண்டியதும் வெளியே வெயிலும் ஆற்றுச் சத்தமும். டிக்கெட் கிடையாது.