சர்க்கரை நோயும் காதுப் பரிசோதனையும்

வாடிக்கையாளர் மெல்லிய குரலில் கேட்பது சரியாகக் காதில் விழவில்லை. மொத்த வியாபாரி டெலிபோனில் சொல்லும் விலையை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. கடைத்தெரு இரைச்சல், வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ள வணிகர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து, நேரம் தவறிச் சாப்பிடும் நாம் இந்நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிறோம்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதடைகின்றன. கண், சிறுநீரகம், கால் பாதிக்கப்படுவதை அறிவோம். உட்காதும் அவ்வாறே பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளிடம் காது மந்தம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது.

பரிசோதனை இரு வகைப்படும். முதலாவது ஆடியோகிராம். ஹெட்போன் மாட்டி, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளே முதலில் குறையும். பேச்சு காதில் விழும். சொல் தெளிவாக விளங்காது.

இரண்டாவது 'பெரா' சோதனை. தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, ஒலியின் சைகை நரம்பு வழியே மூளைத்தண்டைச் சேர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளப்பார்கள். ஆடியோகிராம் சரியாக உள்ள நோயாளிகள் சிலரிடமும் இதில் தாமதம் தெரிந்திருக்கிறது. இரண்டிலும் ஊசியில்லை, வலியில்லை.

காது அழுக்கு, முதுமை, மாவுமில் சத்தம் ஆகியவற்றாலும் காது மந்தமாகும். ஆகவே இச்சோதனை ஓர் எச்சரிக்கையே. காரணத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இது பாதப் பரிசோதனைக்கு மாற்றும் அல்ல. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றும் நம் ஊரில் இதை மறக்கலாகாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே இழக்க நேரும்.

ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாம், சர்க்கரை அளவுடன் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றையும் பரிசோதித்துக் கொள்வோம். கேட்பதில் குறை தோன்றினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றே செல்ல வேண்டும்.