வன்தட்டின் நாடி பார்ப்போம்

பத்தாண்டுப் பழமையான மடிக்கணினி ஒன்றை என் மாணவி ஒருத்தி அண்மையில் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வந்தாள். ஒரு கோப்பைத் திறந்தால் அரை நிமிடம் அசையாமல் நிற்கிறது. எப்போதாவது உள்ளிருந்து 'டிக்' என்று ஓர் ஓசை. மூன்று மாதங்களாக எடுத்த செய்முறை அளவீடுகள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. "வைரஸாக இருக்குமா, சார்?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டுக் கணினிக்கும் இந்நிலை வரலாம். எனவே, உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கடைக்காரர் ஹார்டு டிஸ்க் என்று சொல்லும் வன்தட்டில், காந்தப்பூச்சுள்ள வட்டத் தகடு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. ஆரம் சுமார் 3 செ.மீ. விளிம்பின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 60 கிலோமீட்டர் வரும். பேருந்தின் வேகம்! தகவலைப் படித்தெழுதும் முனை, இத்தகட்டின் மேல் மெல்லிய காற்றுப்படலத்தில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்களே; நம் தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. முனை தகட்டை உரசினால் பூச்சு பெயரும். பெயர்ந்த துகள்கள் மேலும் உரசும்.

கணினி அசையாமல் நிற்பது ஏன்? தகவல், செக்டர் எனப்படும் சிறு பகுதிகளாகத் தகட்டில் பதிந்துள்ளது. ஒரு செக்டரைப் படிக்க இயலாவிடில், அது மீண்டும் முனைக்கடியில் வர ஒரு சுற்று, அதாவது 11 மில்லிநொடி ஆகும். வன்தட்டு எளிதில் விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும். நூறு முயற்சிக்கு ஒரு நொடிக்கு மேல் போய்விடும். பழுதான செக்டர்கள் பல இருந்தால் அரை நிமிடம் நிற்பதில் வியப்பென்ன? முனையைத் தாங்கும் கை, தன் இடம் தெரியாமல் தொடக்க நிலைக்கு மீளும்போது 'டிக்' ஓசை எழும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உடனே தட்டு முழுவதையும் சோதிக்கும் நிரலை ஓட்டுகிறார்கள். நலிந்த தட்டுக்கு அது மணிக்கணக்கான ஓட்டப்பந்தயம். முதலில் நகல், பிறகே சோதனை. நாங்கள் அளவீடுகளை மட்டும் பென்டிரைவுக்கு மாற்றினோம். இரண்டு கோப்புகள் தவிர எல்லாம் வந்தன. ஓசை இடைவிடாமல் கேட்டு, கணினி தட்டையே அறியாவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தகவல் மீட்பதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே வழி. குளிர்பெட்டியில் வைத்தால் உயிர் பெறும் என்பாரும் உண்டு. தகட்டில் நீர்த்துளி படிவதுதான் மிச்சம்!

இனி நாடி பார்க்கலாம். ஒவ்வொரு வன்தட்டும் 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பேட்டைத் தானே எழுதி வைக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் அதைக் காட்டும். (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் காட்டினால் '10' என்பது 16, 197-ஆம் வரி 'சி5' என்றிருக்கும்.) 5-ஆம் வரி, பழுதென ஒதுக்கி மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198-உம் படிக்க இயலாதவற்றையே எண்ணுகிறது. 199 மட்டும் உயர்ந்தால் தட்டைக் குறை கூறாதீர்கள். பெரும்பாலும் இணைப்பு தளர்ந்திருக்கும். கழற்றி மாட்டினாலே சரியாகிவிடக்கூடும்.

ஒருமுறை பார்த்த எண்ணைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியம். எங்கள் தட்டில் 197-ஆம் வரி 40 என்றிருந்தது; ஒரு மணி நேரத்தில் 72 ஆயிற்று. ஐயத்துக்கு இடமில்லை.

'நலம்' என்று நிரல் சொன்னாலும் நம்பி இருந்துவிடக் கூடாது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதற்பிழை கண்ட தட்டு, அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைப்போல் 39 மடங்கு. ஆனால், பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை!

விடுபட்ட இரண்டு கோப்புகளுக்காக, டிடிரெஸ்கியூ என்னும் நிரலைக் கொண்டு தட்டு முழுவதையும் வேறொரு தட்டுக்கு நகலெடுத்தோம். எளிதில் வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பும் நிரல் அது. ஒரு கோப்பு கிடைத்தது. மற்றதிலிருந்த அளவீடுகளை மாணவி இப்போது மறுபடியும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.