போர்ச்சுகலில் எந்த ஊரில் வீடு பார்ப்பது?

போர்ச்சுகலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது தலைநகர் லிஸ்பனைத்தான். வேலை வாய்ப்பு அங்கே அதிகம். வாடகையும் அங்கேதான் அதிகம். அதனால் பலர் தேஜு ஆற்றின் அக்கரையில் உள்ள அல்மாடாவிலோ, சின்ட்ரா ரயில் பாதையை ஒட்டிய அமதோராவிலோ குடியிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

வடக்கே போர்ட்டோ, பிராகா பக்கம் போனால் மழை கூடும். அங்கே வீடு பார்க்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் எல்லா வீடும் கதகதப்பாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போர்ச்சுகலின் பழைய வீடுகள் பலவற்றில் வெப்பமூட்டும் வசதியே கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள நேரும். சுவர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துணி அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். கைக்குழந்தையோ, ஆஸ்துமா உள்ளவர்களோ இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய தொல்லை. ஆகவே கூச்சப்படாமல் அலமாரியை நகர்த்திப் பாருங்கள். ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா, தெற்கு வெயில் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீடு என்றால் பூஞ்சணம் அதற்குள் மறைந்திருக்கலாம், இன்னும் கூடுதல் கவனம் தேவை.

தெற்கே அல்கார்வ் கடற்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் சில உரிமையாளர்கள் குளிர்கால மாதங்களுக்கு மட்டுமே வீடு விடுவார்கள். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள், ஒப்பந்தம் ஆண்டு முழுவதற்குமா, அதை வரி அலுவலகத்தில் பதிவு செய்வார்களா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.