பெட்டியின் எச்சரிக்கையும் தோட்டத்துப் புகையிலையும்

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைப் பொறுத்தவரை இலங்கை பின்தங்கிய நாடல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதிப்படுத்திய நாடு இது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகாரசபையை உருவாக்கியது. விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றமாயிற்று. சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் படத்துடனான எச்சரிக்கை இடம்பெற வேண்டுமென 2012இல் ஒழுங்குவிதி வந்தபோது, சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றத்தை நாடியது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவை 50 முதல் 60 வீதமாகக் குறைத்தது. மறு ஆண்டே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை நிலைநாட்டியது.

பாராட்டத்தக்க வெற்றிதான். எனினும், புசல்லாவை போன்ற மலையக நகரங்களின் பெட்டிக்கடைகளில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குவோர் எத்தனை பேர்? நாட்கூலி பெறுபவர் ஒன்றிரண்டாகவே வாங்குகிறார். அழுகிய நுரையீரலின் படத்தை நாள்தோறும் பார்ப்பவர் கடைக்காரர் மட்டுமே! வரி கூடும்போது சிலர் புகைத்தலைக் கைவிடுகின்றனர் என்பது உண்மை. வேறு சிலரோ மலிவான பீடிக்கு மாறிவிடுகின்றனர்.

இதைவிடப் பாரதூரமான விடயம் புகையே இல்லாத புகையிலையாகும். குளிரிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் சேர்ந்த ஒரு துண்டுப் புகையிலை பசியையும் களைப்பையும் சற்று மறக்கச் செய்கிறது. இரு கைகளும் வேலையில் இருக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ளவும் அதுவே வசதி. அவள் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆகவே, புகைக்கும் ஆணின் உருவத்தைத் தாங்கிவரும் பிரசாரம் எதுவும் தன்னைக் குறித்ததென அவள் கருதுவதில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. புகையிலை கலந்த மெல்லும் கலவைகளை 2016இல் அரசாங்கம் தடை செய்தது. ஆயினும், தாம்பூலம் என்ற பெயரில் விருந்திலும் சடங்கிலும் மரியாதையாக நீட்டப்படும் ஒன்றை வர்த்தமானி அறிவித்தல் மட்டும் அகற்றிவிடாது.

சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, பழக்கத்தைக் கைவிட விரும்புவோருக்கு உதவுவது அரசின் கடமை என்கிறது. நிக்கொட்டின் ஒரு போதைப்பொருள். மனவுறுதியின்மை என்று ஏசுவதால் அது விலகுவதில்லை. கைவிட்ட முதல் சில நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி ஆகியன கடுமையாக இருக்கும். பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை தணிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் எழும் வேட்கை சில நிமிடங்களே நீடிக்கும். இதை முன்கூட்டியே சொல்ல ஒருவர் இருந்தால் போதும், பலர் தாக்குப்பிடிப்பர். நிக்கொட்டின் மாற்று மருந்துகள் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்காகவே ஏற்படுத்தப்பட்டது. அவ்விலக்கத்தைக் கொழுந்து மடுவத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் தமிழில் எழுதிவைக்க எத்தனை ரூபா செலவாகும்? தோட்ட மருந்தகத்துக்கு இருமலென்று வருபவரிடம், 'வெற்றிலை போடுவீர்களா, பீடி குடிப்பீர்களா?' என்று கேட்பதற்கோ செலவே இல்லை.

வாயினுள் தேய்த்தாலும் நீங்காத வெள்ளைப் படலம், இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை என்பன தென்பட்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். பேராதனை பல் போதனா வைத்தியசாலை புசல்லாவையிலிருந்து கம்பளை வழியே பஸ்ஸில் செல்லக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. ஆனால், அங்கு சென்றுவர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். வலியில்லாத புண்ணுக்காக அதை இழக்க எவரும் முன்வருவதில்லை. ஆகவே, பரிசோதிப்பவர்களே தோட்டத்துக்கு வரவேண்டும். அதுவும் கொழுந்து நிறுக்கும் நேரத்தில்.