பெண்ணின் கைமுதல்

காரைக்கால் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் கடனுக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரை திரும்பிய படகின் வருமானத்தில் டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்தபின், மீதியைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது அங்குள்ள பங்குமுறை. மீன்பாடு நன்றாக இருந்தால் எல்லோர் பங்கும் கூடும், இல்லாவிட்டால் எல்லோர் பங்கும் குறையும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவரோ மீன் பட்டாலும் படாவிட்டாலும் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

நிதித் துறையில் தனியார் பங்கு முதலீடு எனப்படுவதும் அடிப்படையில் இத்தகைய பங்குமுறையே. ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள், பெருஞ்செல்வர்கள் ஆகியோரின் பணத்தை ஒரு நிதியத்தில் திரட்டி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் பங்கு வாங்கி, சில ஆண்டுகள் அவற்றின் இயக்குநர் குழுவில் அமர்ந்து வளர்த்து, பிறகு அந்தப் பங்கை விற்று லாபத்தைப் பிரித்துக்கொள்வது அதன் நடைமுறை. நிதியத்தை நடத்துவோர் வழக்கமாக ஆண்டுக்கு 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும், லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பெறுகின்றனர். எந்த நிறுவனத்துக்குப் பணம் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்பதை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கொண்ட முதலீட்டுக் குழு முடிவு செய்கிறது என்பதால், அந்தக் குழுவில் அமர்பவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று. வளரும் நாடுகளில் இத்துறையின் உயர் முதலீட்டுப் பொறுப்புகளில் பெண்கள் 11 விழுக்காடே உள்ளனர் என்றும், பெண்கள் தலைமை தாங்கும் தொழில்களுக்குச் செல்லும் முதலீடு 7 விழுக்காடே என்றும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இந்த இரண்டு எண்களையும் தற்செயலாக அருகருகே நிற்பவையாகக் கருதுவது கடினம்.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிக்குப் பாலின நோக்கு முதலீடு என்று பெயர். பெண்கள் உரிமையாளராகவோ தலைமையிலோ உள்ள தொழில், பெண்களுக்குக் கணிசமாக வேலை தரும் தொழில், பெண்களின் தேவையை நிறைவேற்றும் தொழில் ஆகியவற்றைத் தேடிச் சென்று முதலிடுவதும், லாபக் கணக்கோடு பெண்களின் நிலையில் நேர்ந்த மாற்றத்தையும் அளப்பதும் அதன் இலக்கணம். இது தானம் அன்று. போட்ட பணம் லாபத்தோடு திரும்ப வேண்டும் என்பதில் இம்முதலீட்டாளரும் மற்றவரைப் போலவே கண்டிப்பானவர். 2018இல் ஜி-7 நாடுகளின் வளர்ச்சி நிதி நிறுவனங்கள் '2எக்ஸ் சவால்' என்ற பெயரில் இதற்காக 300 கோடி டாலர் திரட்ட உறுதி ஏற்றபின், அதுவரை ஓரமாக இருந்த இக்கருத்து பெரிய நிதியங்களின் மேசைக்கு வந்தது.

ஆனால் ஆப்பிரிக்கப் பெண்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. நிறவெறி ஆட்சி முடிந்த 1994ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் லூயிசா மோஜெலா, குளோரியா செரோபே, வெண்டி லுஹாபே, நோம்ஷ்லே கான்கா என்ற நான்கு பெண்கள் 5 லட்சம் ராண்ட் கைமுதலுடன் விப்ஹோல்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 1997இல் அவர்கள் பெண்களுக்கென்றே பங்கு வெளியிட்டபோது ஏறத்தாழ 18,000 பெண்கள் அதை வாங்கினர். பங்கு என்றால் என்ன, அதன் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதை ஊர் ஊராகச் சென்று விளக்கிய பின்னரே இது கைகூடியது. 1999இல் அந்நிறுவனம் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. நிலம் வாங்கவும் தொழில் நடத்தவும் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் பெண்கள், ஐந்தே ஆண்டுகளில் நாட்டின் பெருநிறுவனங்களில் பங்கு பேச வந்தது அந்நாட்டின் பொருளியல் வரலாற்றில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை.

அடுத்த தலைமுறையில் நைஜீரியாவின் டோகுன்போ இஷ்மாயிலும் தென்னாப்பிரிக்காவின் போலோ லெடேகாவும் சேர்ந்து நடத்தும் அலீதியா ஐடிஎஃப் நிதியம் 2021இல் 10 கோடி டாலர் திரட்டியது. அது முதலிட்ட நிறுவனங்களுள் ஒன்று, அஃபியாங் வில்லியம்ஸ் என்ற பெண் 2012இல் நைஜீரியாவில் தொடங்கிய ரீல்ஃப்ரூட். மாம்பழத்தையும் அன்னாசியையும் உலர்த்திச் சிறு பொட்டலங்களில் விற்கும் இந்நிறுவனம் 2021இல் 30 லட்சம் டாலர் பங்கு முதலீடு பெற்றது. பழம் உலர்த்துவது வீட்டுக் கொல்லையில் செய்யக்கூடிய வேலை. அதை ஆலையாகவும் ஏற்றுமதியாகவும் ஆக்குவதற்கு மாதத் தவணை கேட்காத, சில ஆண்டுகள் பொறுத்திருக்கும் பணம் தேவைப்படுகிறது. வங்கிக் கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பழத்தின் இடத்தில் மீனை வைத்தால் கதை காரைக்காலுக்கு வந்துவிடும். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற ஊர்களில் கடலுக்குப் போவது ஆணின் தொழிலாகவும், கரைக்கு வந்தபின் மீனை ஏலத்தில் எடுப்பதும் கூடையில் சுமந்து விற்பதும் கருவாடு போடுவதும் பெரும்பாலும் பெண்ணின் தொழிலாகவும் இருந்து வந்துள்ளன. ஏலத்தில் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும் என்பதால் பல பெண்கள் தண்டலை நாடுகின்றனர். ஆயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு வருவது 900. நாளொன்றுக்கு 100 வீதம் பத்து நாளில் ஆயிரத்தையும் கட்ட வேண்டும். இப்படி ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி வாங்கினால், 900 ரூபாய் முதலை வைத்துக்கொள்வதற்கு ஓராண்டில் கொடுக்கும் வட்டி 3,600 ரூபாயைத் தொடும். எந்த நாட்டு நிதியமும் கனவிலும் காணாத இந்த லாபம், மீன் கூடை சுமக்கும் பெண்ணின் உழைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

கருவாட்டில் கைமுதலின் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், அக்காலத்தில் கருவாட்டின் விலை ஏறுகிறது. தடைக்கு முன் மலிவாக வாங்கிக் காயவைத்து இருப்பு வைக்க முடிந்தவர் அந்த ஏற்றத்தை அனுபவிக்கிறார். அன்றாடத் தண்டல் கட்ட வேண்டியவர் காய்ந்தும் காயாததுமாக அன்றே விற்றுவிட நேர்கிறது. சிமெண்டுக் களமும் மூடிய உலர்த்தியும் இருந்தால் மணல் ஒட்டாத, மழையில் வீணாகாத சரக்கு கிடைக்கும். இருவருக்கும் உழைப்பு ஒன்றே, கைப்பக்குவமும் ஒன்றே. வேறுபாடு கைமுதலில் மட்டுமே இருக்கிறது.

காரைக்காலுக்கும் பெண்ணின் முதலுக்கும் உள்ள உறவு பழமையானது. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி இவ்வூரில் நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்கு உரியவரான காரைக்கால் அம்மையார், வணிகர் தலைவர் தனதத்தனாரின் ஒரே மகள். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, அருகிலேயே தனி மாளிகை அமைத்துப் பெருஞ்செல்வத்தையும் கொடுத்து மணமக்களைக் குடிவைத்தார் என்றும், மருமகன் பரமதத்தன் அச்செல்வத்தைக் கொண்டு வாணிகத்தைப் பெருக்கினான் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அற்புதமும் பக்தியும் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட இவ்வரலாற்றில் இந்தப் பொருளியல் செய்தி அதிகம் பேசப்படுவதில்லை: செல்வம் வந்தது அம்மையாரின் பொருட்டு, அதைக் கையாண்டது கணவர். பிற்காலச் சட்டங்களும் நெடுங்காலம் இதையே பின்பற்றின. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் 1954இல் இந்தியாவுடன் இணைந்த பின்னும், இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1963இல்தான். அதன் பிறகே உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகனோடு மகளுக்கும் சமபங்கு என்பது சட்டமானது. ஈடு காட்டச் சொத்து இல்லாதவருக்கு வங்கி கடன் தராது என்ற அன்றைய வழக்கத்தை இதனோடு சேர்த்துப் பார்த்தால், பெண்கள் ஏன் நகை அடகையும் தண்டலையும் நம்பினர் என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பூட்டைத் திறக்க முதலில் முனைந்தவர்களுள் ஜெயா அருணாசலம் முதன்மையானவர். காங்கிரஸ் ஊழியராக இருந்து கட்சி அரசியலில் நம்பிக்கை இழந்த அவர், 1978இல் சென்னையின் குடிசைப் பகுதிப் பெண்களைக் கொண்டு உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். பூக்காரர், காய்கறி விற்பவர், இட்லிக் கடை வைத்தவர் ஆகியோரைக் குழுவாகச் சேர்த்து, தேசிய வங்கிகளில் ஏழைகளுக்கு இருந்த 4 விழுக்காட்டு வட்டிக் கடனை வாங்கித் தருவது முதல் முயற்சி. வங்கியின் படிவமும் வேலை நேரமும் கூடைக்காரப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்று கண்டபின், 1981இல் பெண்களே பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகும் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அமைத்தார். பின்னர் அது அதிராம்பட்டினத்து மீனவப் பெண்கள் வரை பரவியது. கடன் பெறுபவரே உரிமையாளராகவும் இருந்தார் என்பதே இதன் சிறப்பு. பின்னாளில் பெருகிய எத்தனையோ கடன் திட்டங்களில் இந்த ஒன்று மட்டும் நழுவிவிட்டது.

சென்னையில் நிதித் துறையின் மேல்தளத்திலும் பெண்களின் தலைமை உண்டு. ஐஎஃப்எம்ஆர் கேபிடல் என்று தொடங்கி இன்று நார்தர்ன் ஆர்க் எனப்படும் நிறுவனத்தை முதலில் சுசரிதா முகர்ஜியும் பின்னர் க்ஷமா பெர்னாண்டசும் நடத்தினர். பல சிறு நிதி நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சிறுகடன்களை ஒரே கட்டாகத் திரட்டி, அவற்றின் வசூலில் உரிமை தரும் பத்திரங்களாகப் பெருமுதலீட்டாளர்களுக்கு விற்கும் முறையை அந்நிறுவனம் 2010இல் நடைமுறைப்படுத்தியது. மும்பையில் ரேணுகா ராம்நாத் 2009இல் தொடங்கிய மல்டிபிள்ஸ், ஒரு பெண் நிறுவித் தலைமை தாங்கும் இந்தியத் தனியார் பங்கு நிதியங்களுள் பெரியது. இவை பெருமைக்குரியவை. எனினும் மேல்தளத்திலிருந்து மகளிர் குழுக்களை நோக்கிப் பாய்ந்த பணம் அனைத்தும் கடனாகவே பாய்ந்தது. பெண்கள் தவணையை ஒழுங்காகக் கட்டுவார்கள் என்ற நற்பெயரே அவர்கள் மீது கடன் குவியக் காரணமாயிற்று. 2010இல் ஆந்திரத்தில் சிறுகடன் நெருக்கடி வெடித்தபோது ஒரே குடும்பம் நான்கைந்து நிறுவனங்களுக்குத் தவணை கட்டியது வெளிப்பட்டது. பெண்ணுக்குக் கடன் கொடுப்பதைப் பெண்ணிடம் முதல் சேர்ப்பதாகக் கணக்கெழுதுவது தவறு.

பங்கு முதலீடு ஏன் கீழ்த்தளத்தை எட்டவில்லை என்பதற்கு மனப்போக்கு மட்டுமன்றிச் சட்ட வடிவமும் காரணம். மகளிர் குழு ஒரு நிறுவனம் அன்று. அதில் வெளியார் பங்கு வாங்க வழியில்லை. குழுக்கள் பல சேர்ந்து கம்பெனிச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே போதும், முதல் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதால் பணக்காரர் கைப்பற்ற முடியாது. அதே பாதுகாப்புதான் தடையாகவும் நிற்கிறது: உற்பத்தியாளர் அல்லாதவர் அதில் பங்கு வைத்திருக்க முடியாது என்பதால், ரீல்ஃப்ரூட்டுக்கு வந்தது போன்ற முதலீடு கருவாடு போடும் பெண்களின் நிறுவனத்துக்கு வர இயலாது. வெளிமுதலுக்கு மாற்றாக, உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக அரசே ஒரு தொகையைச் சேர்த்துத் தரும் திட்டம் ஒன்று 2020இல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்காகத் தொடங்கப்பட்டது; ஒரு நிறுவனத்துக்கு அதன் உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய்.

காரைக்காலுக்கு இன்னொரு சிக்கல் எல்லை வடிவில் இருக்கிறது. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த, சுமார் 160 சதுர கிலோமீட்டரே கொண்ட இம்மாவட்டம் ஆட்சியால் புதுச்சேரிக்கு உரியது. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். அங்குள்ள பெண் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாட்டின் மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், புத்தொழில்களுக்குத் தொடக்க நிதி தந்து பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு முன்னுரிமை காட்டும் டான்சீட் திட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் பதிவாகாத காரைக்கால் நிறுவனத்துக்கு அவை இல்லை. புதுச்சேரி அரசின் திட்டங்களோ 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைநகரில் தீட்டப்படுகின்றன. விப்ஹோல்ட் 18,000 பெண்களிடம் சிறுசிறு பங்காகத் திரட்டியதைப் போல, இரு ஆட்சிப் பகுதிகளின் மீனவப் பெண்களும் உறுப்பினராகக்கூடிய ஒரே உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்க மத்தியச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை; கம்பெனிச் சட்டம் மாநில எல்லை பார்ப்பதில்லை. அந்நிறுவனம் களத்தையும் கிடங்கையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, பொட்டலமிடலுக்கும் வெளியூர் விற்பனைக்கும் தனியே ஒரு துணை நிறுவனம் தொடங்கினால், வெளிமுதலீட்டாளர் அந்தத் துணை நிறுவனத்தில் சிறுபான்மைப் பங்கு மட்டும் பெற்று உள்ளே வரலாம்; பெரும்பான்மைப் பங்கும் விலை முடிவு செய்யும் உரிமையும் கருவாடு போடும் பெண்களிடமே இருக்கும்.